விலங்குகளின் வாயுப் பரிமாற்றம்: ஏழு படிகளில் ஒரு முழுமையான வழிகாட்டி

மண்புழு தோலால் சுவாசிக்கும், மீன் செவுளால் சுவாசிக்கும், பூச்சி மூச்சுக்குழல்களால் சுவாசிக்கும், பறவையும் மனிதரும் நுரையீரலால் சுவாசிப்பார்கள். பள்ளியில் இந்தப் பட்டியலை ஒப்பிக்காதவர்கள் குறைவு. பட்டியலில் பிழை இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. காற்றில் ஆக்சிஜன் கொட்டிக் கிடக்கிறதே, பிறகு ஏன் கரையில் போட்ட மீன் மூச்சுத் திணறிச் சாகிறது? பறவைக்கும் நமக்கும் நுரையீரல்தான் என்றால், மலையேறுபவர் தள்ளாடும் உயரத்தில் ஒரு வாத்து எப்படிச் சிறகடித்துப் போகிறது? எறும்பை நசுக்கினால் ஏன் சிவப்பு இரத்தம் வருவதில்லை?

உறுப்புகளின் பெயர்களிலிருந்து தொடங்குவதுதான் கோளாறு என்பது என் கருத்து. எந்த விலங்காக இருந்தாலும் அது எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றுதான்: உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும், அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வேண்டும். கீழே வரும் ஏழு படிகளையும் அதே வரிசையில் ஏறிப் பாருங்கள். முன்பின் தெரியாத விலங்காக இருந்தாலும், அதன் சுவாச உறுப்பு ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தானாகவே புலப்படும்.

முதல் படி: வாயுவை நகர்த்துவது எது?

செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உணவு சிதைக்கப்பட்டு ஆற்றல் பெறப்படுகிறது. அந்த வேதிவினைத் தொடரின் கடைசியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் தேவை. அது வந்து சேராவிட்டால் தொடர் முழுவதும் நின்றுவிடும். விலங்குகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. சால்மன் மீனின் தசையில் வாழும் ஹென்னெகுயா சால்மினிகோலா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி தன் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுப்பையே இழந்துவிட்டது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் அதற்கு இல்லை என்று 2020இல் தெரியவந்தது. இத்தகைய விதிவிலக்குகள் மிக அரிது. அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

ஆக்சிஜனை உள்ளே இழுக்கும் பம்பு எந்த விலங்கின் சுவாசப் பரப்பிலும் கிடையாது. காற்றையும் நீரையும் இரத்தத்தையும் விலங்கு தசைகளால் நகர்த்துகிறது. ஆனால் சவ்வைக் கடக்கும் அந்தக் கடைசித் துளித் தொலைவை வாயு தானாகவே விரவித்தான் கடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பெரிய சர்ச்சையாக இருந்தது. இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தையான கிறிஸ்டியன் போர், நுரையீரல் ஒரு சுரப்பியைப் போல ஆக்சிஜனை இரத்தத்துக்குள் சுரக்கிறது என்று வாதிட்டார். அவரிடமே பணிபுரிந்த ஆகஸ்ட் குரோக், தன் மனைவி மாரி குரோக்குடன் சேர்ந்து செய்த நுட்பமான அளவீடுகளால் 1910இல் அதை மறுத்தார். விரவல் ஒன்றே போதும் என்பது நிலைபெற்றது.

விரவலின் திசையைத் தீர்மானிப்பது பகுதி அழுத்தம், அதாவது கலவையில் அந்த ஒரு வாயு மட்டும் தரும் அழுத்தம். அது கூடுதலாக உள்ள பக்கத்திலிருந்து குறைவாக உள்ள பக்கத்துக்கு வாயு விரவும். கடல் மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் 760 மி.மீ. பாதரசம், அதில் ஆக்சிஜனின் பங்கு சுமார் 21 விழுக்காடு, ஆகவே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஏறத்தாழ 159 மி.மீ. எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் அதே 21 விழுக்காடு ஆக்சிஜன்தான் இருக்கிறது. ஆனால் மொத்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடுவதால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. உயரத்தில் ஆக்சிஜன் சதவீதம் குறைகிறது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள், அது தவறு.

எவ்வளவு வேகமாக விரவும் என்பதை அடால்ஃப் ஃபிக் 1855இல் விதியாக வகுத்தார். பரப்பு பெரிதானால் வேகம் கூடும், இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு அதிகமானால் கூடும், இடையில் உள்ள தடுப்பு தடித்தால் குறையும். பரப்பு, வேறுபாடு, தடிமன் ஆகிய மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவாச உறுப்புகளில் நாம் காணும் விசித்திரம் ஒவ்வொன்றும் இம்மூன்றில் ஏதோ ஒன்றைச் சரிசெய்யும் முயற்சி.

இரண்டாம் படி: உடலில் ஆழமாக இருக்கும் செல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

விரவல் மிகக் குறைந்த தொலைவில் மின்னல் வேகம்; தொலைவு கூடினால் ஆமையைவிட மோசம். காரணம், எடுக்கும் நேரம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. நீரில் ஆக்சிஜன் ஒரு மைக்ரோமீட்டர் நகர ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. ஒரு மில்லிமீட்டர் நகர ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம். ஒரு மீட்டர் என்றால் எட்டு ஆண்டு. இவை தோராயக் கணக்குகள்தாம். ஆனால் நம் மூக்கில் நுழையும் ஆக்சிஜன் விரவலை மட்டும் நம்பிக் கால் விரலுக்குப் போய்ச் சேர முடியாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

ஆகவே உடலின் எந்தச் செல்லும் வெளிப்புறத்திலிருந்து சுமார் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுவாச உறுப்பும் வேண்டாம், இரத்த ஓட்டமும் வேண்டாம். தட்டைப்புழு தட்டையாக இருப்பது இதனால்தான். ஜெல்லிமீன் சில சமயம் மனிதரைவிடப் பெரிதாக வளர்கிறதே என்று கேட்கலாம். அதன் உடலில் பெரும்பகுதி செல்கள் அதிகம் இல்லாத கூழ்; ஆக்சிஜன் கேட்கும் செல்கள் உடலின் உள்ளும் புறமும் மெல்லிய அடுக்குகளாகப் படர்ந்திருக்கின்றன. பார்வைக்குத்தான் அது தடிமன்.

உடல் பெரிதாகும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. நீளம் இரு மடங்கானால் புறப்பரப்பு நான்கு மடங்காகும். கன அளவோ எட்டு மடங்காகும். ஆக்சிஜன் கேட்பது கன அளவு, வாங்கித் தருவது பரப்பு. விலங்கு பெருக்கப் பெருக்க அதன் வெளித்தோல் கடனாளியாகிக்கொண்டே போகிறது. அந்தக் கடனை அடைக்கப் பரப்பை மடித்து, கிளைத்து, சுருட்டி ஓரிடத்தில் குவிக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் சுவாச உறுப்பு என்று பெயர்.

மூன்றாம் படி: காற்றா, நீரா?

பெரும்பாலான பாடநூல்கள் இந்தக் கேள்வியை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் ஏழில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 209 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் காற்றுடன் நன்கு கலந்த ஒரு லிட்டர் நன்னீரில் இருப்பது 6 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரண்டிலும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஒன்றே. அளவில்தான் முப்பது மடங்குக்கு மேல் வேறுபாடு. இதனோடு இரண்டு சுமைகள் சேர்கின்றன. நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஆக்சிஜன் காற்றில் விரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீரில் விரவுகிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனைத் துளிகூட விடாமல் எடுப்பதாக வைத்துக்கொண்டாலும், நீரில் வாழும் விலங்கு ஏறத்தாழ 155 லிட்டர் நீரை, அதாவது 155 கிலோ எடையைத் தன் சுவாசப் பரப்பின் மீது நகர்த்த வேண்டும். காற்றில் வாழும் விலங்குக்கு ஐந்து லிட்டருக்கும் குறைவான காற்று போதும். அதன் எடை ஆறு கிராம். நீரில் சுவாசிப்பது எத்தனை கடினமான உழைப்பு என்பது இதிலிருந்து தெரியும். மீன்கள் நம்மைப் போல இழுத்து வெளியே விடாமல், ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விடும் ஏற்பாட்டை வைத்திருப்பதும் இதனால்தான். இவ்வளவு எடையை நிறுத்தித் திருப்பி அனுப்ப யாருக்குக் கட்டுப்படியாகும்?

வெப்பமும் நீர்வாழ் விலங்குகளுக்கு எதிரி. 0 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகச் சுருங்குகிறது. அதே வெப்பத்தில் மீனின் உடல் இயக்கம் வேகமெடுத்து அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு பாதியாகும் நேரத்தில் செலவு கூடுகிறது. வெயில் காலத்தில் தேங்கிய குளங்களில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காற்றில் இவ்வளவு வசதி இருக்க, எல்லா விலங்குகளும் ஏன் காற்றுக்கு வந்துவிடவில்லை? காற்று அதற்கு விலையாக ஈரத்தைக் கேட்கிறது. செல்லின் சவ்வை ஆக்சிஜன் கரைந்த நிலையில்தான் கடக்கும். ஆகவே சுவாசப் பரப்பு எப்போதும் நனைந்திருக்க வேண்டும். மெல்லியதாகவும் அகலமாகவும் நனைந்தும் இருக்கும் ஒரு பரப்பைக் காற்றில் விரித்து வைத்தால் விலங்கு காய்ந்து சாகும். நுரையீரலும் மூச்சுக்குழல்களும் உடலுக்குள் மறைந்திருப்பதற்கும், செவுள் வெளிப்பக்கம் மடிப்புகளாக நீட்டிக்கொண்டிருப்பதற்கும் விளக்கம் இதுவே.

நான்காம் படி: பரப்பு எங்கே இருக்கிறது, எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது?

தோல் தொடங்கி நுரையீரல் வரை, மனப்பாடப் பட்டியலில் வந்தவை எல்லாம் இந்தப் படிக்கு உரியவை. முந்தைய மூன்று படிகளையும் ஏறி வந்துவிட்டதால் இனி அவை வெறும் பெயர்களாகத் தோன்றாது.

தோல் எளிமையானது. மண்புழுவின் தோலுக்கு அடியிலேயே நுண்ணிய இரத்தக் குழல்கள் ஓடுகின்றன. சுரக்கும் கோழை தோலை ஈரமாக வைக்கிறது. அதன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு; ஆனால் நமக்கிருப்பதுபோல் சிவப்பணுக்களுக்குள் அடைக்கப்படாமல் இரத்த நீரிலேயே கரைந்திருக்கிறது. தோல் சுவாசம் தாழ்ந்த விலங்குகளின் வழி என்று எண்ணிவிட வேண்டாம். சாலமாண்டர்களில் மிகப் பெரிய குடும்பமான பிளெத்தோடான்டிடே வகையினருக்கு நுரையீரலே கிடையாது. முதுகெலும்புள்ள இவ்விலங்குகள் தோலையும் வாயின் உட்புறத்தையும் கொண்டே காலம் தள்ளுகின்றன. தென் அமெரிக்காவின் டிட்டிகாகா ஏரியில் வாழும் ஒரு தவளைக்கு உடல் முழுவதும் தொளதொளவென்று தோல் மடிப்புகள் தொங்கும். பார்க்க அழகில்லைதான், ஆனால் பரப்பைக் கூட்ட அதைவிட நேரடியான வழி எது?

செவுளுக்கு வருவோம். எலும்பு மீன்களின் தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு செவுள் வளைவுகள் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் வரிசையாக இழைகள். ஒவ்வோர் இழையின் இரு பக்கமும் நெருக்கமாக மெல்லிய தகடுகள். இந்தத் தகடுகளுக்குள் இரத்தம் ஓடும் திசையும், தகடுகளுக்கு இடையே நீர் ஓடும் திசையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இதுதான் எதிரோட்ட அமைப்பு.

எதிரோட்டத்தால் என்ன லாபம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் ஓடுவதாகக் கற்பனை செய்யுங்கள். தொடக்கத்தில் நீரில் ஆக்சிஜன் நிறைய, இரத்தத்தில் குறைவு, வேறுபாடு பெரிது. போகப்போக நீர் இழக்கும், இரத்தம் பெறும். நடுவழியில் இரண்டும் சமமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு தொலைவு சேர்ந்து ஓடினாலும் எதுவும் நகராது. இரண்டும் ஒரே அளவு ஆக்சிஜனைச் சுமக்கக் கூடியவை என்றால், நீரில் இருந்ததில் பாதிதான் இரத்தத்துக்குக் கிடைக்கும். இப்போது திசையை மாற்றுங்கள். தகட்டை விட்டு வெளியேறப் போகும் இரத்தம் ஏற்கெனவே ஆக்சிஜன் நிறைந்தது. ஆனால் அது அந்த இடத்தில் சந்திப்பது புதிதாக நுழையும் நீரை, அதாவது இன்னும் அதிக ஆக்சிஜன் உள்ள நீரை. தகட்டின் மறுமுனையில் எல்லாவற்றையும் இழந்துவிட்ட நீர், அதைவிட வறிய இரத்தத்தைச் சந்திக்கிறது. ஆக, வழி நெடுகிலும் ஒரு சிறு வேறுபாடு அணையாமல் இருக்கிறது. சில மீன்கள் செவுளைக் கடக்கும் நீரிலிருந்து 80 விழுக்காடு வரை ஆக்சிஜனை எடுத்துவிடுவது இப்படித்தான். நாம் உள்ளிழுக்கும் காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் வெளிவிடும்போதும் 16 விழுக்காடு இருக்கிறது. நமக்குத் தாராளமாகக் கிடைப்பதால் வீணாக்குகிறோம்.

கரையில் மீன் ஏன் சாகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. தண்ணீருக்குள் அழகாக விரிந்திருக்கும் தூரிகையின் மயிர்கள் வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் போல, செவுள் தகடுகளும் காற்றில் ஒட்டிச் சரிந்துவிடுகின்றன. ஆக்சிஜனுக்குக் குறைவில்லை, அதை வாங்கும் பரப்புதான் ஒரே நொடியில் சுருங்கிப்போகிறது.

பூச்சிகள் முற்றிலும் வேறு வழியில் போயின. உடலின் பக்கவாட்டில் உள்ள சுவாசத் துளைகளில் தொடங்கும் மூச்சுக்குழல்கள் கிளைவிட்டுக் கிளைவிட்டு, முடிவில் ஒரு மைக்ரோமீட்டரைவிடக் குறுகிய நுண்குழல்களாகச் செல்களின் வாசலுக்கே போய்விடுகின்றன. பறக்கும் தசையில் அவை மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டியே நிற்கும். மூன்றாம் படியில் பார்த்த பத்தாயிரம் மடங்கு வேகத்தை நினைவுகூருங்கள்: ஆக்சிஜன் கிட்டத்தட்ட முழு வழியையும் காற்றிலேயே கடந்துவிடுகிறது, நீரில் கடப்பது கடைசி ஓரிரு மைக்ரோமீட்டர் மட்டுமே. ஆகவே பெரும்பாலான பூச்சிகளின் இரத்தத்துக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை இல்லை. எறும்புக்குச் சிவப்பு இரத்தம் இல்லாததன் காரணம் இது. இந்த மூச்சுக்குழல்களின் உட்பூச்சு வெளி ஓட்டின் தொடர்ச்சிதான் என்பதால், பூச்சி சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்தே உரிந்து வருகிறது. வளரும் காலத்தில் தன் சுவாச உறுப்பின் உட்பூச்சைப் பலமுறை உரித்தெறியும் விலங்கு என்று நினைத்துப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், 70 சென்டிமீட்டர் அகலச் சிறகுகளோடு மெகானியூரா என்ற தும்பி போன்ற பூச்சி பறந்தது. அந்தக் காலத்தில் காற்றில் ஆக்சிஜன் இன்றைவிட அதிகமாக இருந்ததே அத்தனை பெரிய உடலுக்கு இடம் கொடுத்தது என்பது ஒரு கருதுகோள். கவர்ச்சியான கருத்துதான், ஆனால் அன்று வேட்டையாடும் பறவைகள் இல்லாதது போன்ற வேறு காரணங்களையும் சொல்கிறார்கள், விவாதம் முடியவில்லை.

சிலந்திகளில் பலவற்றுக்கும் தேள்களுக்கும் புத்தக நுரையீரல் உண்டு. ஏடுகள் அடுக்கியதுபோல் தகடுகள், இடையிடையே காற்று. பாலூட்டிகளின் நுரையீரலோ நுண்ணறைகளின் கூட்டம். மனித நுரையீரல்களில் சராசரியாகச் சுமார் 48 கோடி காற்று நுண்ணறைகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றின் மொத்தப் பரப்பு 70 சதுர மீட்டருக்குக் குறையாது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு அரை மைக்ரோமீட்டர் அளவே. ஃபிக்கின் விதியில் வரும் பரப்பும் தடிமனும் எவ்வளவு தொலைவுக்கு இழுக்கப்பட்டிருக்கின்றன, பாருங்கள்.

இத்தனை சிறிய ஈரமான குமிழ்கள் பரப்பு இழுவிசையால் சுருங்கி மூடிக்கொள்ள வேண்டியவை. அதைத் தடுப்பது நுண்ணறைச் செல்கள் சுரக்கும், இழுவிசையைக் குறைக்கும் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பூச்சு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பலர் மூச்சுவிட முடியாமல் இறந்ததற்கு இந்தப் பூச்சு போதாமையே காரணம் என்று மேரி எல்லன் அவரியும் ஜெர் மீடும் 1959இல் காட்டினார்கள். இன்று அதையே மருந்தாகச் செலுத்திக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள்.

ஐந்தாம் படி: பரப்பின் மீது காற்றையோ நீரையோ புதுப்பிப்பது எப்படி?

இராபர்ட் ஹூக் 1667இல் இலண்டனில் ராயல் சொசைட்டியின் முன் ஒரு சோதனையைச் செய்துகாட்டினார். இன்று யாரும் அனுமதிக்காத கொடூரமான சோதனை அது. ஒரு நாயின் மார்பைத் திறந்து, நுரையீரலின் மேற்புறத்தில் சிறு துளைகளிட்டு, துருத்திகளால் இடைவிடாமல் காற்றை உள்ளே செலுத்தினார். காற்று துளைகள் வழியே வெளியேறிக்கொண்டே இருந்ததால் நுரையீரல் ஏறி இறங்காமல் அசைவற்று நின்றது. நாய் உயிரோடு இருந்தது. நுரையீரலின் அசைவு உயிரைக் காப்பதில்லை, புதிய காற்றின் ஓட்டமே காக்கிறது என்பது அன்று தெளிவாயிற்று.

அந்த ஓட்டத்தைப் பெரும்பாலான மீன்கள் வாயையும் செவுள் மூடியையும் மாற்றி மாற்றி இயக்கி உண்டாக்குகின்றன. சூரை மீன்கள் வாயைத் திறந்துகொண்டு நீந்துவதாலேயே நீரைச் செவுளுக்குள் செலுத்துகின்றன. நீந்துவதை நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும். தவளை காற்றை வாயில் அடைத்து, தொண்டையை உயர்த்தி, நுரையீரலுக்குள் தள்ளுகிறது. நாம் உதரவிதானத்தைக் கீழே இறக்கி மார்பை விரிக்கிறோம். உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று தானாக வருகிறது. வெட்டுக்கிளியும் தேனீயும் வயிற்றைச் சுருக்கி விரித்து மூச்சுக்குழல்களைத் துருத்தியாக்குகின்றன.

போன வழியிலேயே திரும்பி வரும் நம் மூச்சில் ஒரு குறை உண்டு. அமைதியான ஒரு மூச்சில் 500 மில்லிலிட்டர் இழுக்கிறோம். அதில் சுமார் 150 மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் தங்கி, பரிமாற்றத்துக்கு உதவாமலே வெளியே போகிறது. மீதி 350, உள்ளே ஏற்கெனவே இருக்கும் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட பழைய காற்றோடு கலக்கிறது. வெளியே 159 மி.மீ. ஆக இருந்த ஆக்சிஜன் அழுத்தம் நுண்ணறையில் 100ஆகக் குறைவதற்கு இந்தக் கலப்பு ஒரு பெரிய காரணம்.

பறவை இந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டது. அதன் நுரையீரல் அதிகம் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. காற்றை நகர்த்துவது உடலெங்கும் பரவிய காற்றுப்பைகள், பல பறவைகளில் ஒன்பது. முதல் முறை இழுக்கும்போது காற்றில் பெரும்பகுதி பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. வெளிவிடும்போது அங்கிருந்து நுரையீரலுக்குள் நுழைகிறது. இரண்டாம் முறை இழுக்கும்போது நுரையீரலிலிருந்து முன்பக்கப் பைகளுக்கு. மீண்டும் வெளிவிடும்போதுதான் உடலை விட்டு வெளியே. ஒரு வாய்க் காற்றுக்கு இரண்டு மூச்சு. பறவை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலின் நுண்குழாய்களில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. நம்முடையதைவிட மெல்லிய தடுப்பும் அதற்கு உண்டு. இமயமலையைத் தாண்டி வலசை போகும் வரித்தலை வாத்துகள் 7,000 மீட்டருக்கு மேலும் பறந்தது கருவிகளால் பதிவாகியிருக்கிறது. ஒருவழி ஓட்டம் பறவைகளுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தார்கள். முதலையின் நுரையீரலிலும் அது இருக்கிறது என்று 2010இல் தெரிந்தது. இந்த ஏற்பாடு டைனோசர்களின் மூதாதையர் காலத்திலேயே தோன்றியிருக்கலாம்.

ஆறாம் படி: உள்ளே சுமந்து செல்வது எது?

நம் இரத்தத்தின் ஒரு லிட்டரில் வெறுமனே கரைந்திருக்கக் கூடிய ஆக்சிஜன் சுமார் 3 மில்லிலிட்டர். ஹீமோகுளோபின் அதை 200 மில்லிலிட்டராக்குகிறது. ஒரு மூலக்கூறு நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடிக்கும். ஒன்றைப் பிடித்ததும் அடுத்ததைப் பிடிப்பது எளிதாகும். நுரையீரலின் 100 மி.மீ. அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட முழுமையாக நிரம்பிவிடுகிறது. ஓய்வில் உள்ள உடலைச் சுற்றிவிட்டு 40 மி.மீ. அழுத்தத்தோடு திரும்பும்போதும் முக்கால் பங்கு மீதம் இருக்கிறது. அந்த மீதம் அவசரத்துக்கான கையிருப்பு. ஓடும்போது தசையில் கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் வெப்பமும் கூடும். அவை ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தி, தேவைப்படும் இடத்தில் அதிகமாக இறக்கிவிடச் செய்கின்றன. கார்பன் டை ஆக்சைடின் இந்த விளைவை 1904இல் கண்டறிந்தவர்கள் கிறிஸ்டியன் போரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும். சுரப்பு விவகாரத்தில் தோற்ற அதே மனிதரின் பெயர் இதில் நிலைத்துவிட்டது.

நண்டு, நத்தை, நீராளி, சிலந்தி ஆகியவற்றில் இரும்புக்குப் பதில் செம்பைக் கொண்ட ஹீமோசயனின் உண்டு; ஆக்சிஜன் ஏறினால் நீலமாகும். அண்டார்க்டிகாவின் பனிமீன்கள் இன்னும் விநோதம்: வளர்ந்த மீனின் இரத்தத்தில் ஹீமோகுளோபினே இல்லை. நன்னீரின் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த கடல்நீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருக்கிறது. பெரிய இதயம் நிறைய இரத்தத்தை விரைந்து ஓட்டுகிறது. அதனால் சமாளிக்கின்றன. சூடான நீரில் ஒரு நாள்கூடத் தாங்கும் உடலமைப்பு இல்லை அது.

கார்பன் டை ஆக்சைடின் திரும்பும் பயணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு பைகார்பனேட்டாக உருமாறிச் செல்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இந்த மாற்றத்தை நடத்துகிறது; நாமறிந்த மிக வேகமான நொதிகளில் ஒன்று. எஞ்சியதில் ஒரு பகுதி ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது, சிறு பகுதி கரைந்தே போகிறது. நுரையீரலில் எல்லாம் தலைகீழாக நடந்து மீண்டும் வாயுவாகிறது. கார்பன் டை ஆக்சைடு நீரில் ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கு மேல் கரையும் என்பதால் மீன்களுக்கு அதை வெளியேற்றுவது ஒரு பொருட்டே இல்லை. செவுளைத் தழுவும் நீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஏழாம் படி: வேகத்தை முடிவு செய்வது எது?

மீனுக்குக் கார்பன் டை ஆக்சைடு எளிதில் போய்விடுகிறது, ஆக்சிஜன்தான் அரிது. ஆகவே அதன் மூச்சின் வேகத்தை முக்கியமாக ஆக்சிஜன் அளவு கட்டுப்படுத்துகிறது. நமக்கு நிலைமை நேர்மாறு. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள சுவாச மையம் சாதாரண நேரங்களில் இரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அளவையும் அதனால் ஏற்படும் அமிலத்தன்மையையுமே கவனித்துக்கொண்டிருக்கிறது. மூச்சை அடக்கும்போது வரும் தவிப்பு ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததால். நீருக்கடியில் நீந்துவதற்கு முன் வேகவேகமாக மூச்சுவிட்டுக்கொள்வது ஆபத்தானது என்று எச்சரிப்பது இதனால்தான். அது கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றித் தவிப்பைத் தள்ளிப்போடும். ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டாது. தவிப்பு வரும் முன்பே நினைவு போய்விடும். தயவுசெய்து அதை முயல வேண்டாம்.

பயிற்சி: படிகளைப் பயன்படுத்திப் பாருங்கள்

விரால் மீனை எடுத்துக்கொள்வோம். சேறும் சகதியுமான, ஆக்சிஜன் குன்றிய நீரில் வாழ்கிறது என்பது மூன்றாம் படி. அப்படியானால் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கும் ஓர் அறை இருக்கிறது என்பது நான்காம் படி. அந்த அறையின் சுவர் கரையில் சரிந்துவிடாது. ஈரம் இருக்கும் வரை விரால் நீருக்கு வெளியே நெடுநேரம் தாங்குகிறது. ஆனால் வலையால் அதை நீருக்குள்ளேயே தடுத்து வைத்து, மேலே வர விடாமல் செய்தால் வளர்ந்த விரால் மூச்சுத் திணறிச் சாகும். மீன் நீரில் மூழ்கிச் சாவது கேட்க விசித்திரமாக இருந்தாலும், படிகளின் வழியே வந்தவருக்கு அதில் வியப்பு இருக்காது.

கொசுப் புழு நீரில் வாழ்ந்தாலும் வால்முனைக் குழாய் வழியே காற்றைத்தான் வாங்குகிறது. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் பரவினால் சாகிறது. அலகுத் திமிங்கிலங்களில் க்யூவியர் வகை ஒன்று 222 நிமிடம் நீருக்கடியில் இருந்தது 2020இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆழத்தில் அழுத்தத்தால் நுரையீரல் சுருங்கிவிடும். ஆகவே அதன் ஆக்சிஜன் சேமிப்பு நுரையீரலில் இல்லை, இரத்தத்திலும், தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்திலும் இருக்கிறது. ஆறாம் படியின் கேள்வி அங்கே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகிறது.

கடைசியாக ஒரு கடினமான புதிர். சில நீர்ப்பூச்சிகள் ஒரு காற்றுக் குமிழை உடலோடு ஒட்டவைத்துக்கொண்டு மூழ்கும். அந்தக் குமிழில் காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனை நிரப்பிவிட்டால் பூச்சி நீருக்கடியில் அதிக நேரம் இருக்குமா, குறைந்த நேரமா? குறைந்த நேரமே இருக்கும் என்று சோதனைகள் காட்டின. ஏன்? முதல் படிக்குத் திரும்புங்கள். காற்றுக் குமிழில் பூச்சி ஆக்சிஜனை எடுக்க எடுக்க, நைட்ரஜனின் பங்கு கூடி ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுற்றியுள்ள நீரைவிடக் கீழே போகிறது. ஆகவே நீரிலிருந்து ஆக்சிஜன் குமிழுக்குள் விரவிக்கொண்டே இருக்கும், குமிழ் ஒரு செவுளாகச் செயல்படும். தூய ஆக்சிஜன் குமிழில் எவ்வளவு எடுத்தாலும் மீதி இருப்பதும் ஆக்சிஜனே. குமிழ் சுருங்குமே தவிர, அதன் பகுதி அழுத்தம் நீரைவிடக் குறையாது. வெளியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வராது. நைட்ரஜன் நீரில் மெதுவாகக் கரைந்து வெளியேறுவதால்தான் சாதாரணக் குமிழும் ஒரு கட்டத்தில் சிறுத்துப்போகிறது. அப்போது பூச்சி மேலே வந்து புதுப்பித்துக்கொள்கிறது. அது மேலே வருவது ஆக்சிஜனுக்காக மட்டும் அல்ல, நைட்ரஜனுக்காகவும்தான்.